வால்யூம் 4

"ரெண்டு கிழவனுங்க காபி குடிக்கிறானுங்க" என்று செந்தில் ஆரம்பித்தால் எனக்குக் காது சூடாகிவிடும். யார் இருக்கிறார்கள், என்ன பேச்சு ஓடுகிறது என்றெல்லாம் பார்க்க மாட்டான். ஒரு கல்யாணப் பந்தியில் என் மாமனார் பக்கத்து இலையில் உட்கார்ந்து ரசத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது சொன்னான். "யாருப்பா அந்தக் கிழவனுங்க?" என்று மாமனார் கேட்டார். "அல் பசினோவும் ராபர்ட் டி நீரோவும் மாமா" என்று இவன் பவ்யமாகச் சொல்ல, அவர் தலையாட்டிவிட்டு மோர்க்காரருக்குக் கை காட்டினார்.

அது நான் எழுதிய வாக்கியம். 2008இல், நோக்கியா போனில், ஒரே எஸ்எம்எஸ்ஸாக அனுப்பியது. அப்போது நானும் அவனும் கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தோம். தேடியது குறைவு, படம் பார்த்தது அதிகம். இரவில் கேபிளில் ஆங்கிலப் படம் பார்ப்பது, காலையில் அதைப் பற்றி ஒரே ஒரு எஸ்எம்எஸ் அனுப்புவது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒரு செய்திக்கு 160 எழுத்து. தாண்டினால் இரண்டாகக் கணக்கு வைப்பார்கள், பூஸ்டர் சீக்கிரம் தீரும். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்ததால் ‘ழ’வுக்கே இரண்டு எழுத்து போய்விடும். அதற்குள் கதை, நடிப்பு, தீர்ப்பு எல்லாம் அடங்க வேண்டும். டை ஹார்டுக்கு நான் அனுப்பியது: "போலீஸ்காரனுக்குச் செருப்பு இல்லை. ஏசி குழாய்தான் லிஃப்ட். வில்லன் போட்டிருக்கும் கோட் சூப்பர். கட்டாயம் பார்." இன்று எழுதச் சொன்னாலும் ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன். மேட்ரிக்ஸுக்கு செந்தில் அனுப்பியது: "கூலிங் கிளாஸ் போட்டால் குண்டு படாது." அவ்வளவுதான். மிச்சம் 120 எழுத்தை வீணாக்கினான் என்று அவனிடம் சண்டை போட்டேன்.

அல் பசினோ போலீஸாகவும் டி நீரோ அவர் தேடும் கொள்ளைக்காரராகவும் வரும் ஹீட் படத்துக்கு நான் அனுப்பியது இது: "ஹீட். மூணு மணி நேரம். ரெண்டு கிழவனுங்க காபி குடிக்கிறானுங்க. நடுவுல ஒரு சண்டை. சுமார்."

இதை எழுதிய காலையில் என்மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடும் படத்தை ஒரு வரியில் இறக்கி வைத்துவிட்டோம் என்ற பெருமை. சின்ன விமர்சனத்தில் இருக்கும் போதை அதுதான். காரணம் சொல்லத் தேவையில்லை, இடம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

செந்திலுக்கு அந்தப் படம் உயிர். ஒரு நாள் முழுக்கப் பதிலே வரவில்லை. மறுநாள் காலை வந்தது: "நீ படம் பார்க்கலை."

பார்த்தேன் என்று பல வருடம் வாதாடினேன். அவன் சொன்னது எந்த அளவுக்குச் சரி என்று புரிய பதினைந்து வருடம் ஆயிற்று.

கட்டைவிரல் பார்த்த படங்கள்

அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர். முதல் டிரிப் என்றால் விடிகாலை மூன்றரைக்கு எழுந்துவிடுவார். வீட்டில் இருந்தது ஒரு ஹால், ஒரு சமையலறை. டிவி ஹாலில். அப்பா படுப்பதும் ஹாலில், டிவி ஸ்டாண்டுக்கு நேராகக் கால் நீட்டி. பத்து மணிக்குமேல் டிவி பார்க்கலாம், ஆனால் வால்யூம் 4ஐத் தாண்டக் கூடாது என்பது சட்டம். எங்கள் டிவியில் 4 என்பது மின்விசிறியின் சத்தத்துக்குக் கீழே. வசனம் கேட்காது. அப்போது படச் சேனல்களில் கீழே ஆங்கில எழுத்து ஓடத் தொடங்கியிருந்ததால் பிழைத்தோம். உண்மையைச் சொன்னால் அந்தக் காலத்துப் படங்களை நான் வாசித்தேன்.

ஹாலிவுட் படங்களின் ஒலிக்கலவை இந்த ஏற்பாட்டுக்கு முழு எதிரி. பேசுவது கிசுகிசுப்பாக இருக்கும், வெடிப்பது வீட்டைத் தூக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் நம் டிவித் தொடர்களில் இருப்பதைப்போலப் பல மடங்கு. யாராவது முக்கியமாக எதையோ சொல்கிறார்கள் போலிருக்கிறதே என்று 9க்கு ஏற்றுவேன். அடுத்த நொடி கதவு உடையும். அப்பா புரண்டு படுப்பார். நான் 2க்கு இறக்குவேன். இப்படியே இரண்டு மூன்று வருடம் பழகியதில் கை தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ஒருவன் கோட்டுக்குள் கை விட்டாலே என் கட்டைவிரல் ரிமோட்டில் கீழ் அம்புக்குறிக்குப் போய்விடும். துப்பாக்கி வெளியே வருவதற்குள் டிவி ஊமையாகியிருக்கும். கோணம், முகபாவம், வெளிச்சம் எல்லாவற்றிலிருந்தும் வெடிக்கப்போகும் நேரத்தை என் விரல் கணித்துவிடும். அந்த வகையில் நான் பெரிய ரசிகன்தான்.

அப்படித்தான் ஹீட்டும் பார்த்தேன். நடுவில் விளம்பரம். அல் பசினோ கத்தும்போதெல்லாம் விரல் கீழே, டி நீரோ பேசும்போதெல்லாம் விரல் மேலே.

தகரக் கொட்டகையில் ஒரு சனிக்கிழமை

வேலை தேடி அலுத்து செந்தில் அவனுடைய அப்பாவின் மைக்செட் தொழிலுக்கே போய்விட்டான். துறையூர் பக்கம் சவுண்ட் சர்வீஸ் என்று விசாரித்தால் நாலு பேர் சொல்வார்கள். குழாய் ஸ்பீக்கரில் தொடங்கிய தொழில், இப்போது ஆள் உயர பாக்ஸ், மிக்ஸர், ஜெனரேட்டர், சீரியல் லைட் என்று வளர்ந்திருக்கிறது. சாமான்களை வைக்க ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்கழி சனிக்கிழமை. புதிதாக நாலு பேஸ் பாக்ஸ் வாங்கியிருந்தான். கொட்டகையில் வைத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மைக்செட்காரர்கள் சோதனைக்கு எப்போதும் போடும் பாட்டுகள் இரண்டு மூன்று இருக்கின்றன, எல்லாம் முடிந்தது. "வேற ஏதாச்சும் போடுவோமா?" என்றேன். அவன் லேப்டாப்பைத் திறந்து கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "உக்காரு. இங்க இல்ல, ரெண்டு பாக்ஸுக்கும் நடுவுல. ரிமோட் கிடையாது" என்றான்.

ஹீட்டின் வங்கிக் கொள்ளைக் காட்சியை நடுவிலிருந்து ஓடவிட்டான். பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே வேலை முடிந்து ஆட்கள் ஒவ்வொருவராகப் பையுடன் வெளியே நடந்து வருகிறார்கள். பிரையன் ஈனோவின் இசை பின்னால் தட்டிக்கொண்டே இருக்கிறது, யாரோ விரலால் மேசையைத் தட்டுவதுபோல. கார் நிற்கிறது. கொள்ளையரில் ஒருவராக நடித்த வால் கில்மர் கடைசியாக வந்து காரில் ஏறப்போகிறார், தெருவுக்கு எதிர்ப்பக்கம் போலீஸ்காரரைப் பார்க்கிறார். என் கட்டைவிரல், பேன்ட் பையின்மேல் கிடந்தது, லேசாக அழுத்தியது. அதை நான் உணர்ந்தேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகும் விரலுக்கு மறக்கவில்லை.

இசை அறுந்தது. முதல் தோட்டா.

கொட்டகையின் தகரம் அதிர்ந்து, மேலே மாட்டியிருந்த பழைய குழாய் ஸ்பீக்கர் ஒன்று ஆடியது. வெளியே நாய் குரைத்தது. ஆனால் என்னைத் தூக்கிப் போட்டது அந்தப் பலம் இல்லை. திருவிழாவில் அதைவிடப் பலமான சத்தம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு வால் இருந்தது. வெடித்த சத்தம் எங்கேயோ போய் ஒரு சுவரில் மோதி, இன்னொரு சுவருக்குப் போய், மேலே ஏறி, திரும்பி வந்தது. அது திரும்புவதற்குள் அடுத்த வெடி கிளம்பிவிட்டது. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் தெருவின் அகலத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பேன். ஆட்கள் காருக்குப் பின்னால் குனியும்போது சத்தம் மாறுகிறது. கேமரா போலீஸ் பக்கம் போனால் அதே துப்பாக்கி வேறு மாதிரி கேட்கிறது. அந்த ஐந்தாறு நிமிடமும் இசை கிடையாது. தோட்டா தீர்ந்து காலி மேகசினை மாற்றும் ஒரு கணத்தில் மட்டும் தெரு மூச்சு விடுகிறது.

செந்தில் மிக்ஸருக்குப் பக்கத்தில் நின்றபடி சொன்னான்: "சத்தம் திரும்பி வருது பாரு மாப்ள. இது ரூம்ல உக்காந்து ஒட்டுன சத்தம் இல்ல. தெருவுல எடுத்தது."

அவன் இதை எங்கேயும் படித்துச் சொல்லவில்லை. தொழிலில் தெரிந்தது. கோயில் தெருவில் பாக்ஸ் வைப்பதும் பள்ளி மைதானத்தில் வைப்பதும் வேறு வேறு என்பது மைக்செட்காரனுக்கு அரிச்சுவடி. மைதானத்தில் சத்தம் போனது போனதுதான். தெருவில் எதிர்வீட்டுச் சுவர் அதைத் திருப்பி அனுப்பும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு பெரிய சுவர் இருந்தால் போய்த் திரும்ப நூறு மீட்டர், ஏறக்குறைய 0.3 நொடி. பொதுக்கூட்டத்தில் தெருக்கோடிக் குழாயில் பேச்சாளர் அரை வார்த்தை பின்தங்கி வருவாரே, அந்தக் கணக்கு. "இந்த 0.3ஐ ரூம்ல உக்காந்து பொய்யா போடலாம். ஆனா ஒவ்வொரு வெடிக்கும் வேற வேற மாதிரி போட எவனுக்குப் பொறுமை இருக்கு?" என்றான்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அவன் சொன்னது சரி. இயக்குநர் மைக்கேல் மான் அந்தக் காட்சியை லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நடுப்பகுதியில், அலுவலகங்கள் மூடியிருக்கும் வார இறுதிகளில் எடுத்திருக்கிறார். நடிகர்கள் சுட்டது முழு மருந்து அடைத்த வெற்றுத் தோட்டாக்கள். வழக்கமாகப் படப்பிடிப்பில் பதிவாகும் துப்பாக்கிச் சத்தத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஸ்டுடியோவில் சுத்தமான சத்தத்தை வைப்பார்கள். இவர்களும் வைத்துப் பார்த்தார்கள். எடுபடவில்லை. படப்பிடிப்பின்போது தெருவில் ஆங்காங்கே வைத்திருந்த மைக்குகளில் பதிவானதையே எடுத்துப் போட்டார்கள். நடிகர்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தவர்களில் பிரிட்டிஷ் சிறப்புப் படையில் இருந்த ஆண்டி மெக்நாப் ஒருவர். அதனால்தான் ஒருவன் சுடும்போது இன்னொருவன் நகர்கிறான், ஓடும்போது யாரும் சும்மா ஓடுவதில்லை.

இன்னொன்றையும் படித்தேன், அதைச் செந்திலிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. அந்தக் காபி உண்மையில் குடிக்கப்பட்ட காபி. நீல் மெக்காலே என்ற கொள்ளைக்காரன் சிகாகோவில் நிஜமாகவே இருந்தான். அவனைத் தேடிய துப்பறிவாளர் சக் ஆடம்சன் அவனோடு ஒருமுறை உட்கார்ந்து காபி குடித்திருக்கிறார். 1964இல் அவருடைய ஆட்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் அவன் செத்தான். மான் இதை ஆடம்சனிடமிருந்தே கேட்டு, 1989இல் ஒரு தொலைக்காட்சிப் படமாக எடுத்து, அதில் திருப்தி வராமல் 1995இல் மறுபடி எடுத்தார். நான் 160 எழுத்தில் சிரித்த காட்சியைச் சுமந்துகொண்டு ஒருவர் அத்தனை வருடம் நடந்திருக்கிறார்.

டுமீல்

சத்தத்தை இறக்கிவிட்டுப் பார்த்த குற்றம் அப்பாமேல் இல்லை, என்மேலும் முழுதாக இல்லை என்று சில நாள் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். நாம் வளர்ந்ததே டுமீலில். சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ்களில் துப்பாக்கியின் முனையில் ஒரு நட்சத்திரம் வரைந்து ‘டுமீல்’ என்று எழுதியிருப்பார்கள். ரயில் நிலையக் கடையில் தொங்கும் மாத நாவல்களிலும் அதேதான். நம் சினிமாவில் வெகுகாலம் எல்லாச் சத்தமும் டப்பிங் தியேட்டரில் பிறந்தது. அறைந்தால் டிஷ்யூம், சுட்டால் டுமீல். மலையில் சுட்டாலும் அதே டுமீல், கிடங்குக்குள் சுட்டாலும் அதே டுமீல். காது அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

கொட்டகையிலிருந்து திரும்பிய இரவு படுத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். டு என்பது வெடிப்பு. மீ என்று இழுக்கிறோமே, அது சத்தம் போய்க்கொண்டிருப்பது. ல் என்று நாக்கு அண்ணத்தில் ஒட்டும்போது அது எங்கேயோ அடங்குகிறது. யார் முதலில் எழுதினாரோ தெரியாது, நிஜத் துப்பாக்கியை வெட்டவெளியில் கேட்டவராகத்தான் இருக்க வேண்டும். எழுத்தில் இருந்த அந்த மீயைப் படங்கள்தான் தொலைத்துவிட்டன. நம் படங்கள் மட்டும் இல்லை. பெரும்பாலான ஹாலிவுட் படங்களிலும் டு மட்டும்தான் உண்டு, அதைத் தடிமனாகப் போட்டிருப்பார்கள்.

ஜான் விக் பிடிக்கும் எனக்கு. அதை இயக்கிய சாட் ஸ்டாஹெல்ஸ்கி மேட்ரிக்ஸில் கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். அதனால் யார் எங்கே நிற்கிறார்கள், எத்தனை தோட்டா மிச்சம் இருக்கிறது என்ற கணக்கு சுத்தமாக இருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பழைய பதிவாளர் அலுவலகத்தில் டைப் அடிக்கிறார்கள் போல இருக்கிறது. இது 160க்குள் அடங்கும், செந்திலுக்கு அனுப்பினேன். "பாடி அடக்கம் நல்லா பண்றான், சத்தம் அடக்கம் சரியில்ல" என்று பதில் போட்டான்.

பழைய தீர்ப்புகள்

அதற்குப் பிறகு ஒரு கிறுக்கு பிடித்தது. 2008இலிருந்து எஸ்எம்எஸ்ஸில் தீர்ப்பெழுதிய படங்களை ஒவ்வொன்றாக மறுபடி பார்க்க, இல்லை, கேட்க ஆரம்பித்தேன். எல்லாம் மாறவில்லை. டேக்கன் மூன்றாம் பாகத்தில் லியாம் நீசன் ஒரு வேலியைத் தாண்டுவதைப் பத்துக்கும் மேற்பட்ட துண்டாக வெட்டி ஒட்டியிருப்பார்களே, அது எத்தனை நல்ல ஸ்பீக்கரிலும் தேறாது. ஆனால் சிலவற்றில் வெட்கமாகப் போய்விட்டது.

புல்லிட்டை அந்தக் காலத்தில் "பழைய படம். கார் ஓடுது, ஓடுது, ஓடிக்கிட்டே இருக்கு" என்று முடித்திருந்தேன். 1968இல் சான் பிரான்சிஸ்கோவின் மேடுபள்ளத் தெருக்களில் எடுத்தது, பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடும் துரத்தல். வால்யூம் 4இல் அது வெறும் கார்தான். இப்போதுதான் கவனித்தேன்: லாலோ ஷிஃப்ரினின் இசை துரத்தலுக்கு முன்னால் பதுங்கிப் பதுங்கி வருகிறது. வில்லனின் கார் டயர் தேய்த்துப் பாய்ந்ததும் இசை வெளியேறிவிடுகிறது. அப்புறம் முழுக்க இரண்டு எஞ்சின்கள்தான் பேசுகின்றன. கியர் மாற்றுவதிலிருந்தே ஸ்டீவ் மெக்குவீனின் கோபம் தெரிகிறது, முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரே பச்சை வோக்ஸ்வாகனை அவர்கள் மறுபடி மறுபடி முந்துவதையும், வில்லன் காருக்கு நான்கைவிட அதிகமாகச் சக்கர மூடிகள் கழன்று விழுவதையும் கண் பிடித்துவிடும். காது அதை மன்னித்துவிடுகிறது.

நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென் 2007இல் வந்தது. அதற்கு நான் அனுப்பியது "ஒன்றுமே நடக்கவில்லை" என்பதுதான். ஓட்டல் அறைக் காட்சியைச் சொல்கிறேன். பணப்பெட்டியோடு ஒருவன் இருட்டில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். கீழே வரவேற்பறைக்குப் போன் போடுகிறான். அந்த மணி தூரத்தில், கீழே, அடித்துக்கொண்டே இருப்பது அவனுக்கும் நமக்கும் கேட்கிறது. யாரும் எடுக்கவில்லை. பிறகு வராந்தாவில் காலடி. கதவுக்கு அடியில் கீற்றாகத் தெரிந்த வெளிச்சத்தில் ஒரு நிழல். நிழல் நகர்ந்து போகிறது. பிறகு அந்த வெளிச்சமே அணைகிறது. இதெல்லாம் நடந்த இரண்டு மூன்று நிமிடமும் எங்கள் வீட்டு மின்விசிறிதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதாமல் வேறென்ன எழுதியிருப்பேன்?

அறிவியல் புனைவில்தான் என் புதுக் கொள்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது. தெருவில் எடுத்த நிஜச் சத்தம்தான் உசத்தி என்று நான் மேடை போட்டுக்கொண்டிருந்த நேரம். செந்தில் கேட்டான்: "அப்ப ஸ்டார் வார்ஸ் துப்பாக்கிய எந்தத் தெருவுல எடுத்தானுங்க?" நியாயமான கேள்வி. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் ஒரு வானொலிக் கோபுரத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியைச் சுத்தியலால் தட்டி அந்தச் சத்தத்தை எடுத்தார். இதைச் சொன்னதும் செந்தில் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஜெனரேட்டர் பக்கம் போய், கம்பத்துக்குக் கட்டியிருந்த கம்பியை ஸ்பேனரால் தட்டிவிட்டு வந்தான். சரியாக வரவில்லை. "நீளம் பத்தல" என்றான். டெர்மினேட்டர் 2இல் பாதரச மனிதன் கம்பிக் கதவுக்குள் வழிந்து வெளியே வருவானே, அந்தச் சத்தம் டப்பாவிலிருந்து நாய்த் தீனி வழுக்கி விழும் சத்தம். கேரி ரைட்ஸ்ட்ரோம் செய்தது, அந்தப் படம் ஒலிக்கு மட்டும் இரண்டு ஆஸ்கர் வாங்கியது. அது தெரிந்த பிறகும் எனக்கு அந்தக் காட்சியில் முதுகு சில்லிடத்தான் செய்கிறது. ஆக, நிஜமா பொய்யா என்பது விஷயம் இல்லை. கம்பிக்கும் நீளம் இருந்தது, தீனிக்கும் ஒரு வழவழப்பு இருந்தது. எங்கேயோ ஒரு பொருள் இன்னொரு பொருளில் நிஜமாகப் பட்டிருக்கிறது. அந்த அளவுக்கு என் கொள்கையைத் திருத்திக்கொண்டேன்.

கிராவிட்டி பற்றி மட்டும் எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. விண்வெளியில் காற்று கிடையாது, சத்தம் போகாது என்பதை மதித்து எடுத்த படம். நாயகியின் கை எதையாவது தொட்டால் மட்டும் அந்த அதிர்வு உள்ளே மங்கலாகக் கேட்கும். அருமையான யோசனை. ஆனால் விண்கலம் துண்டு துண்டாகச் சிதறும்போது அந்த மௌனத்தை நம்பாமல் இசையை அள்ளிக் கொட்டிவிட்டார்கள். ஒரு கையால் சத்தத்தை எடுத்துவிட்டு இன்னொரு கையால் திருப்பி வைத்த மாதிரி. 1968இலேயே குப்ரிக் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் ஒரு விண்வெளி வீரன் சுழன்று சுழன்று போய்ச் சாவதை எந்தச் சத்தமும் இல்லாமல் காட்டியிருக்கிறார், இசையும் இல்லாமல். செந்தில் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். "இசை இல்லேன்னா தியேட்டர்ல பாப்கார்ன் சத்தம்தான் கேக்கும். நீ ஏழு ஆஸ்கர் வாங்குனவனுக்குப் பாடம் எடுக்கற" என்பான்.

வார்த்தையின் அழுத்தம்

கடைசியாகப் பார்த்தது தி கான்வர்சேஷன். 1974, பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா. வெடி கிடையாது, துரத்தல் கிடையாது. ஒட்டுக்கேட்பதைத் தொழிலாகச் செய்யும் ஒருவன், ஜீன் ஹேக்மேன், ஒரு சதுக்கத்தில் சுற்றிச் சுற்றி நடக்கும் ஆணும் பெண்ணும் பேசுவதைப் பதிவு செய்கிறான். அதில் ஒரு வாக்கியம்: வாய்ப்புக் கிடைத்தால் அவன் நம்மைக் கொன்றுவிடுவான். இதை இரைச்சலுக்குள்ளிருந்து சுத்தம் செய்து செய்து கேட்கிறான். இந்த இரண்டு பேரும் சாகப்போகிறார்கள் என்று பதறுகிறான். படத்தின் முடிவில் அதே வாக்கியம் திரும்ப வரும்போது அழுத்தம் ‘கொன்றுவிடுவான்’ என்பதிலிருந்து ‘நம்மை’ என்பதற்கு நகர்ந்திருக்கிறது. ஒலியைக் கவனித்த வால்டர் மர்ச் அதற்காக நடிகர் வேறு விதமாகச் சொன்ன பதிவையே எடுத்து வைத்தார். யார் யாரைக் கொல்லப்போகிறார்கள் என்பதே புரண்டுவிடுகிறது.

கீழே ஓடும் எழுத்தை வாசித்தவனுக்கு இரண்டும் ஒரே வரி. நான் இந்தப் படத்தை அந்தக் காலத்தில் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. தமிழில் டப் செய்தால் எப்படிச் செய்வார்கள் என்று வெகுநேரம் யோசித்தேன். நாம் அழுத்தத்தைக் குரலில் மட்டும் வைப்பதில்லை, விகுதியில் வைத்துவிடுவோம். ‘நம்மளைக் கொன்னே போட்டுருவான்’ என்று முதலில் சொல்லி, கடைசியில் ‘நம்மளையே கொன்னுருவான்’ என்றால் குட்டு எழுத்திலேயே உடைந்துவிடும். டப்பிங் வசனகர்த்தாவுக்கு இதைவிடச் சிரமமான ஒரு வரி இருக்குமா என்று சந்தேகம்.

இப்போது என் வீட்டிலும் ஒரு ஹால்தான். மூன்று வயது மகள் டிவிக்கு நேராகப் படுத்துத் தூங்குகிறாள். நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்கிறேன். எல்லாம் கேட்கிறது, கிசுகிசுப்பு உட்பட. ஆனால் ஹீட்டை அப்படிப் போட்டுப் பார்த்தபோது அந்தத் தெரு தலைக்குள் இருந்தது, நான் தெருவுக்குள் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டேன். விரல் வழக்கம்போல அந்த இடத்தில் கீழ் அம்புக்குறியைத் தேடியது.

போன வாரம் செந்திலுக்குப் போன் போட்டு, தி கான்வர்சேஷனை உன் பாக்ஸில் போட்டுக் கேட்க வேண்டும் என்றேன். படத்தைப் பற்றிக் கேட்டான். சொன்னேன்.

"வெடியே இல்லையா?"

"இல்ல."

"சண்டை?"

"இல்ல மாப்ள. ரெண்டு பேரு நடந்துக்கிட்டே பேசுவாங்க. ஒருத்தன் கேப்பான்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எங்கேயோ ஒரு அம்மன் கோயிலில் அவன் கட்டிய குழாயில் பாட்டு ஓடிக்கொண்டிருப்பது மட்டும் போனில் கேட்டது. "காபியாவது குடிப்பாங்களா?" என்றான். சிரித்து முடித்த பிறகு, எல்லா பாக்ஸும் வாடகைக்குப் போயிருக்கிறது, ஆடி முடியட்டும், பார்க்கலாம் என்றான்.